ரெண்டு ரிங்குக்கு மட்டும் அர்த்தம் இல்லை

மார்ச் 2

அன்புள்ள மாமா,

இங்கே நான், அம்மா, அம்மாவின் கோபம் மூவரும் நலம். மூன்றாவது ஆள்தான் நாளுக்கு நாள் சதை போட்டுக்கொண்டு வருகிறது. உன் இருமல் போய்விட்டதா?

உன் அக்கா மகள் பேனாவைப் பிடித்துக் கடிதம் எழுதுகிறாள் என்றால் ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். நடந்தது இதுதான். எங்கள் தெரு குரூப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தெருவுக்கு நெட் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதனால் குரூப்பில் எது வந்தாலும் முத்திரை குத்தி வந்த அரசாங்க உத்தரவு மாதிரி நம்புவார்கள். போன வாரம் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மாவின் போனிலிருந்து ஒரு செய்தி போட்டேன்: "நாளை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இன்டர்நெட் குழாய் சுத்தம் செய்யப்படும். தூசி வெளியே கொட்டாமல் இருக்க, போனைப் பையில் போட்டு வாயை இறுக்கி மூடி வைக்கவும்."

குரூப்பின் அட்மின் மருந்துக்கடைக்காரர். அவர் அதற்குக் கீழே "உண்மை. அனைவரும் ஒத்துழைக்கவும்" என்று போட்டார். அதற்குமேல் அது என் கையில் இல்லை.

மறுநாள் காலை அம்மாவின் கடை வாசலில் வரிசை. பை தைப்பதும் பழைய பைக்கு ஜிப் மாற்றுவதுமாக இத்தனை வருடம் கடை நடத்துகிறாள், இப்படி ஒரு கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. போன் அளவில் முப்பத்தோரு பை தைத்துக் கொடுத்துவிட்டு, "நல்ல விஷயமாத்தான் சொல்லியிருக்காங்க. யாரு போட்டது?" என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர், "நீங்கதானேம்மா போட்டீங்க" என்றார்.

முப்பத்திரண்டாவது பை எனக்காகத் தைத்தது. தடித் துணி, தடி ஜிப், ஜிப்பில் ஒரு குட்டிப் பூட்டு. வீட்டில் இருக்கும் அந்த ஒரே போன் இப்போது அதற்குள் அடைபட்டு, தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. சாவி அம்மாவின் கழுத்துக் கயிற்றில். என் தண்டனை எப்போது முடியும் என்று கேட்டால் அம்மா தன் வாய்க்கும் ஜிப் போட்டுக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது என்னையும் பேச விடுகிறாள். ஆனால் அம்மாவுக்கு போன் என்றாலே ஸ்பீக்கர்தான். ஜிப் மாற்ற வந்தவர்கள் எல்லாம் உன் இருமலைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார்கள். ரகசியம் பேச வேண்டுமானால் நமக்குக் காகிதம்தான் வழி.

நீ தினமும் வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் அடிக்கும் ஒரு ரிங் தவறாமல் வருகிறது. உனக்குச் சாயங்காலம் ஏழு, எங்களுக்குப் பிற்பகல் மூன்று. பைக்குள் ஒரு முனகல் கேட்கும், நின்றுவிடும். அம்மா மெஷினை நிறுத்தாமலே "உன் மாமா வீடு சேர்ந்துட்டான்" என்பாள். லாரியில் போகும் அப்பாவும் ஊருக்கு ஊர் ஒரு ரிங். ஒரு ரிங் என்றால் பத்திரமாகச் சேர்ந்தாச்சு, மூன்று என்றால் உடனே கூப்பிடு. ரெண்டுக்கு மட்டும் ஏன் இந்த வீட்டில் யாரும் அர்த்தமே வைக்கவில்லை என்று யோசித்தேன். யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது.

உன் ஊரில் நெட் எப்படி, ஆட்கள் எப்படி, எல்லாம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சிறைப்பறவை,
வாலு

மார்ச் 18

அன்புள்ள வாலு,

நான் நலம். இருமல் போன வழியில் தொண்டையையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அக்காவின் கோபம் இளைக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். என்னோடு தங்கியிருக்கும் சமையல்காரர் எட்டிப் பார்த்து, "நல்ல வீடியோவா?" என்றார். "காகிதம்" என்றேன். நம்பவில்லை.

இந்த ஊரில் நெட் வந்து முப்பது வருடம் ஆகிறது. வேகம் எப்படி என்றால், நீ கேட்டு முடிப்பதற்குள் வந்து நிற்கும். ஆனால் போன் மணி அடித்தால் மட்டும் இவர்கள் முகம் மாறிவிடும், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போல. கூப்பிடுவதற்கு முன்னால் "கூப்பிடலாமா?" என்று எழுதிக் கேட்பார்கள். தெரியாத நம்பரை யாரும் தொடுவதில்லை. உங்கள் தெருவில் எல்லாவற்றையும் நம்புகிறார்கள், இங்கே எதையும் நம்புவதில்லை. சமையல்காரரின் நாடு மூன்றாவது ரகம். அவர்கள் எழுதவும் மாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள். போனை வாய்க்கு நேரே தட்டு மாதிரி ஏந்திப் பேசிப் பேசி அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு அறுபது.

என் வேலை அதேதான். தெருவோரம் ஒரு குழி, அதன்மேல் சின்னக் கூடாரம், உள்ளே நான். முடி கனத்தில் இருக்கும் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்ட வேண்டும். ஒட்டியது சரியா என்று குழியில் இருப்பவனுக்குத் தெரியாது. ஊரின் மறுகோடியில் அளவு அறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்தான் பார்த்து, கம்பெனி போனில், "வெளிச்சம் வந்துடுச்சு" என்று சொல்ல வேண்டும். அளவு அறைப் பெண்ணை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். போன வாரம் நல்ல மழை. கூடாரம் பறக்கிற காற்று. வேலை முடிந்ததும் அந்தப் பெண் தன் சொந்த நம்பரைக் கொடுத்து, "வீடு போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லுங்க" என்றாள். கம்பெனி போனைக் கிடங்கில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நல்ல பெண். அக்கறையான பெண். சொன்னேன்.

வேறு விசேஷம் இல்லை. நன்றாகப் படி. மெஷினில் உட்காரும்போது அக்கா முதுகை நிமிர்த்தி உட்காரட்டும்.

அன்புடன்,
மாமா

ஏப்ரல் 3

அன்புள்ள மாமா,

நான் சௌக்கியம். அம்மா நீ சொன்னபடி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள், பத்து நிமிடம்.

"வேறு விசேஷம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் "பெண்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். ஐந்து. சொந்த அக்கா இரண்டு. சமையல்காரரும் இரண்டுதான். "நல்ல பெண். அக்கறையான பெண்." பள்ளிக்கூடத்தில் நான் இப்படி எழுதினால் "கூறியது கூறல்" என்று சிவப்பில் சுழிப்பார்கள்.

அவர்களுக்கு நான் "வெளிச்சக்காரி" என்று பெயர் வைத்திருக்கிறேன். வெளிச்சக்காரி அப்புறம் என்ன சொன்னார்கள்?

இங்கே ஒரு நல்ல செய்தி, உனக்குக் கெட்ட செய்தி. அம்மா உன் போட்டோவைத் தெரு குரூப்பில் போட்டுவிட்டாள். நீ போன வருடம் அனுப்பினாயே, தலைக்கவசத்தோடு குழிக்குள் நிற்பது, அதேதான். கீழே, "என் தம்பி. வெளிநாட்டில் லைன் வேலை. நல்ல இடம் இருந்தால் சொல்லவும்." நூற்று நாற்பது பேர் கை கூப்பியிருக்கிறார்கள். சக்கரம் கழன்ற பெட்டியை எடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்து, "பையன் இடுப்பு வரைக்கும்தான் தெரியறான். மீதி இருக்குல்ல?" என்று கேட்டார். அம்மா உன் காலுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறாள்.

பெண் வீட்டார் எல்லோரும் குரலில்தான் பதில் அனுப்புகிறார்கள். அம்மா அதைக் கடையில் சத்தமாகப் போட, வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு பெண்ணின் அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவர் மனைவி "லைன் வேலைன்னா கம்பத்துல ஏறுவானா?" என்று கேட்பதும் பதிவாகியிருக்கிறது. "இல்லை, இறங்குவான்" என்று பதில் சொல்ல எனக்குக் கை துறுதுறுத்தது. போன் பையில் இருக்கிறது.

சீக்கிரம் எழுது. இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஆகிவிட்ட செய்தியே உனக்கு குரூப்பில்தான் தெரியவரும்.

உன் முழு உருவத்தையும் பார்த்திருக்கிற ஒரே சாட்சி,
வாலு

ஏப்ரல் 20

அன்புள்ள வாலு,

நலம். அக்காவிடம் அந்தப் போட்டோவை உடனே எடுக்கச் சொல். இங்கே ஒருவருடைய படத்தை அவரைக் கேட்காமல் போட்டால் போலீசுக்கே போவார்கள். அக்காவிடம் இதைச் சொன்னால் "போலீஸ்ல நல்ல இடம் இருக்கான்னு கேளு" என்பாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். ஒன்றும் இல்லை. தகவல் சொன்னேன். அன்றைக்கு மட்டும் இல்லை, அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன். பதிலுக்கு ஒரு தடவைகூட எதுவும் வரவில்லை. நான் என்ன கதையா சொன்னேன், வீடு சேர்ந்துவிட்டேன் என்றுதானே. பரவாயில்லை. ஊர்ப் பழக்கம்.

முன்பெல்லாம் "வெளிச்சம் வந்துடுச்சு" என்பாள். இப்போது "வந்தது" என்பதோடு சரி. வேலை வேகமாக நடக்கிறது.

ஜூன் பதினைந்தாம் தேதியோடு அவளுக்கு வேறு நகரத்துக்கு மாற்றல். இங்கிருந்து ரயிலில் ஆறு மணி நேரம். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, அளவு அறைக்கு ஆள் மாறுகிறது என்பதற்காக எழுதினேன்.

மாமா

மே 6

அன்புள்ள மாமா,

இங்கே அனைவரும் நலம். நீ நலமில்லை. உடம்பைச் சொல்லவில்லை.

"சம்பந்தம் இல்லை" என்று எழுதுகிறவன் ரயில் எத்தனை மணி நேரம் என்று பார்த்து வைத்திருக்க மாட்டான்.

ஒரே ஒரு கேள்வி. மழை நாளில் ஒருவருக்குத் தன் நம்பரைக் கொடுத்துத் தகவல் கேட்ட ஆள், தினமும் தகவல் வந்தும் பதில் சொல்லாமல் இருப்பாரா? எனக்கு இடிக்கிறது. தினமும் தகவல் சொல்கிறேன் என்கிறாயே, எப்படிச் சொல்கிறாய்? எழுதியா, பேசியா, தட்டேந்தியா? அப்படியே, மறைக்காமல் எழுது.

பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன். போட்டோவை எடுக்க அம்மா மறுத்துவிட்டாள். நீ போலீஸ் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். நீ எதிர்பார்த்த பதில்தான், வார்த்தை மாறாமல்.

வாலு

மே 23

அன்புள்ள வாலு,

நலம். நீயும் நலமாக இருப்பாய், வம்பு நன்றாக ஜீரணமாகிறவர்களுக்கு நோய் வராது.

எப்படிச் சொன்னேன் என்று என்ன கேள்வி இது? நம் வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படித்தான். ஏழு மணிக்கு அக்காவுக்கு ஒரு ரிங், அடுத்து அவளுக்கு ஒரு ரிங். அக்கறையாகக் கேட்ட ஆளைப் போனை எடுக்க வைத்துத் தொந்தரவு செய்வதா?

அதை விடு. இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. பாவம், அவளை எவனோ ஒரு மோசடிக்காரன் இரண்டு மாதமாகப் படுத்துகிறான். தெரியாத நம்பர், தினமும் சாயங்காலம் அடித்துவிட்டுச் சட்டென்று வைத்துவிடுகிறானாம். திருப்பிக் கூப்பிட்டால் நம் கணக்கிலிருந்து பணத்தை உருவிவிடும் கூட்டம் இங்கே உண்டு. அவள் அந்த நம்பரைத் தடுத்து வைத்தும் விடாமல் முயற்சி செய்கிறானாம். கிடங்கின் அறிவிப்புப் பலகையில் எச்சரிக்கையே ஒட்டிவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நேற்று வேலைக்கு நடுவில், "கவலைப்படாதீங்க, அந்த ஆளை நான் கண்டுபிடிக்கிறேன்" என்று சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு, "நன்றி. நீங்களாவது கேட்டீங்களே" என்றாள்.

பதினைந்தாம் தேதிக்குள் அவனைப் பிடித்துவிட்டால் நிம்மதியாகப் போவாள். உன் குறுக்குப் புத்திக்கு ஏதாவது யோசனை தோன்றினால் எழுது.

மாமா

ஜூன் 8

அன்புள்ள மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அந்தப் படுபாவியை எனக்குத் தெரியும். அவனை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடுப்புக்குக் கீழேயும் இருக்கிறது அவனுக்கு. அவன் என் அம்மாவின் தம்பி.

மாமா, தினமும் சாயங்காலம் அடித்துச் சட்டென்று வைக்கிற ஆள் நீதான். ஒரு ரிங்குக்கு வீடு சேர்ந்தாச்சு என்று அர்த்தம் என்பது நம் வீட்டுக்குத் தெரியும், நம் தெருவுக்குத் தெரியும். முப்பது வருடமாக நெட் வைத்துக்கொண்டு தெரியாத நம்பரைத் தொடாத ஊரில் யாருக்குத் தெரியும்? உன் சொந்த நம்பர் அவர்களிடம் கிடையாது. உன் தகவலுக்காக மழை நாளிலிருந்து காத்திருக்கிறார்கள். உன் தகவலைத் தடுத்தும் வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதும்போதுதான் தேதியைப் பார்க்கிறேன். கடிதம் உன்னிடம் வருவதற்குள் வெளிச்சக்காரி ரயிலேறியிருப்பார்கள். கொஞ்சம் இரு.

(ஒரு மணி நேரம் கழித்து.)

இனி எழுதுவதில் பாதி உனக்கே தெரியும். உனக்குக் கேட்காத பாதிக்காகத்தான் மறுபடியும் பேனாவை எடுத்தேன்.

அம்மா பக்கத்துக் கடைக்குப் பை கொடுக்கப் போயிருந்தாள். ஜிப்பின் பல்லுக்கு நடுவில் பேனா முனையை அழுத்தினால் பூட்டைத் தொடாமலே பை வாயைப் பிளக்கும். போனை எடுத்து உனக்கு மூன்று ரிங் அடித்தேன். மறுபடி பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடுவதற்கும், நீ கூப்பிடுவதற்கும், அம்மா உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. பின்னாலேயே ஜிப் மாற்ற நான்கு பேர். அம்மா சாவியால் திறந்து எடுத்தாள். ஸ்பீக்கர்.

"அக்கா, மூணு ரிங் வந்துச்சே. யாருக்கு என்ன?" என்று நீ பதறினாய். அம்மா "நான் அடிக்கலையே" என்றாள். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கடையே என்னைப் பார்த்தது. அப்புறம் நான் சொன்னது உனக்கே தெரியும். "அந்த மோசடிக்காரன் நீதான் மாமா. அவங்க ஊர்ல ஒரு ரிங் அடிச்சா திருடன்." குழிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கடை முழுக்கக் கேட்டது. "ஐயோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாய்.

உனக்குக் கேட்காத பாதி: பெட்டிச் சக்கரம் அம்மா, "லவ்வு மாதிரி தெரியுதே" என்றார். அம்மா போனை எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடி குரூப்பில் போட்டாள்: "தம்பிக்கு இடம் அமைந்த மாதிரி இருக்கிறது. இனி யாரும் ஜாதகம் அனுப்ப வேண்டாம்." இருநூறு பூங்கொத்து வந்தது. மருந்துக்கடைக்காரர் "உண்மை" என்று போட்டார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "பேனாவால ஜிப்பைத் திறக்க உனக்கு யாருடி கத்துக்குடுத்தா?" என்றாள். "நீதாம்மா. பல்லு போன பையை அப்படித்தானே திறப்பே" என்றேன். அடிக்கக் கை ஓங்கினாள், சிரிப்பு முந்திக்கொண்டது.

மாமா, பதினைந்தாம் தேதி. ஓடு.

வாலு

ஜூன் 17

அன்புள்ள வாலு,

நலம். அக்காவும் நீயும், என்னைப் பூங்கொத்தால் அடித்ததாக அக்கா ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன இருநூறு பேரும் நலமாக இருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் தேதி அரைநாள் லீவு போட்டுவிட்டு அளவு அறைக்கே போனேன். போனில் சொல்லியிருக்கலாம் என்பாய். என் சொந்த போனைத் தடுத்து வைத்திருக்கிறாள், கம்பெனி போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. அதுவும் இல்லாமல், முகம் பார்த்துத் திட்டு வாங்குவதுதான் மரியாதை என்று தோன்றியது.

சின்ன அறை. மூன்று திரை, ஒரு மேசை, மேசையில் பாதி குடித்து ஆறிப்போன டீ. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, யார் என்ன வேண்டும் என்பது போலப் பார்த்தாள். வழியெல்லாம் எட்டு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எட்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. "வெளிச்சம் வருதா?" என்று கேட்டேன். மூன்று வருடமாகத் தினமும் அவளிடம் கேட்கிற கேள்வி, வேறு எதுவும் வாயில் வரவில்லை.

குரலைக் கேட்டதும் எழுந்து நின்றாள். "நீங்களா?"

"நான்தான். அந்த மோசடிக்காரனும் நான்தான்."

எங்கள் வீட்டு ஒரு ரிங், அத்தான் லாரி, அக்கா கடை, மூன்று மணிக்குப் பைக்குள் கேட்கும் முனகல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் போனை எடுத்து, அது தடுத்து நிறுத்திய அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். ஒரே நம்பர், கீழே கீழே கீழே. விரலால் எண்ணிக்கொண்டே போனாள். "அறுபத்தெட்டு" என்றாள். பிறகு, "அறுபத்தெட்டு நாள் பத்திரமா வீடு சேர்ந்திருக்கீங்க" என்றாள். "நான் ஒரு நாளும் கவலைப்படாம இருந்திருக்கலாம்."

அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போனில் முழுசாக வருவதில்லை, வாலு. பாதிதான் வருகிறது. மூன்று வருடமாக எனக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது.

பதினைந்தாம் தேதி ரயிலேறிப் போய்விட்டாள். மாற்றல் மாற்றல்தான். மற்றவை பிறகு.

மாமா

ஜூலை 4

அன்புள்ள மாமா,

நலம். உன் "மற்றவை பிறகு"வைப் படித்துவிட்டு அம்மா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. ஆமாம், இந்தக் கடிதத்தை அம்மாவும் படித்தாள். இனி ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது, தெருவுக்கே தெரியும்.

ஆனால் நீ சொல்லாததை போன் சொல்லிவிட்டது. ஜூன் பதினாறு, பிற்பகல் மூன்று. பை ஒரு தடவை முனகியது. "உன் மாமா வீடு சேர்ந்துட்டான்" என்றாள் அம்மா. உடனே இன்னொரு முனகல். அம்மாவின் மெஷின் நின்றுவிட்டது. பையைத் திறந்து பார்த்தால் தெரியாத நம்பர், வெளிநாட்டு நம்பர். மறுநாளும் அப்படியே, உனக்கு அடுத்து.

அம்மா அந்த நம்பரைப் போட்டு, யாருடையது என்று குரூப்பில் கேட்டாள். நெருப்புப் பற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர், "வெளிநாட்டு மோசடிக் கும்பல். ஒரு ரிங் கொடுத்துப் பணத்தை உருவும். யாரும் தொட வேண்டாம். உண்மை" என்று எச்சரிக்கை விட்டார். தெருவே போனைப் பையில் போட்டுக் கட்டியது. இந்த முறை நான் எதுவும் செய்யவில்லை, அம்மாவே சாட்சி.

அம்மா எச்சரிக்கையை இரண்டு தடவை படித்தாள். குரூப்பில் வந்ததை நம்பாமல் அவள் நெற்றி சுருங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஏண்டி, உன் மாமாவும் அங்க மோசடிக்காரன்தானே?" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த நம்பருக்கு அவளே ஒரு ரிங் அடித்து வைத்தாள். "நாமளும் வீட்லதான் இருக்கோம்னு தெரியட்டும்" என்றாள்.

மறுநாள் அந்த நம்பரிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி. "நன்றி. இங்கு நான் நலம்." அதைப் படித்துக் காட்டச் சொல்லி நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

வாலு

ஜூலை 21

அன்புள்ள வாலு,

நலம். அக்கா அடித்த ரிங்குக்கு அங்கே ஒருத்தி அறை முழுக்க நடந்தாளாம். இரண்டு நகரத்திலும் ஏழு மணிக்கு ஒரே வேலைதான் நடக்கிறது. நான் அவளுக்கு, அவள் எனக்கு, இரண்டு பேரும் அக்காவுக்கு. கிடங்குப் பலகையிலிருந்து எச்சரிக்கையைக் கிழிக்கச் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு "ஆளைப் பிடிச்சாச்சு" என்று எழுதிக் கொடுத்தாளாம்.

அந்த நகரத்தில் குழிக்குள் இழை ஒட்டும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்திருக்கிறேன். குழி எங்கே இருந்தால் என்ன, குழிதானே.

ஆமாம், நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, ரெண்டு ரிங்குக்கு அர்த்தமே இல்லை என்று. அக்காவிடம் கேள், ஏதாவது வைக்கப் போகிறாளா என்று. சும்மாதான் கேட்கிறேன்.

மாமா

ஆகஸ்ட் 6

அன்புள்ள மாமா,

நலம். "சும்மாதான்" என்பதற்கு உன் அகராதியில் என்ன பொருள் என்று இந்த ஐந்து மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் கேட்டேன். இரண்டு பைக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ரெண்டு ரிங்னா ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சுன்னு வெச்சுக்கச் சொல்லு. ஆனா கல்யாண ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு முடிச்ச அப்புறம்தான் அடிக்கணும். முந்திக்கிட்டு அடிச்சான்னா நேர்ல வந்து தோலை உரிச்சுடுவேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் இங்க வரணும். எனக்கு அவ சிரிப்பை முழுசாக் கேக்கணும்."

கடைசி வரியில் அவள் குரல் ஒரு மாதிரி ஆனது. ஷட்டர் சத்தம் என்றாள்.

எனக்குப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நிபந்தனை ஒன்று: குரூப்பில் நான் எழுதும் எதற்கும் கீழே "இது வாலு எழுதியது" என்று போட வேண்டும். இப்போது நான் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. எங்கள் தெரு வளர்ந்துவிட்டது மாமா.

வாலு

அக்டோபர் 11

அன்புள்ள மாமா,

நலம் விசாரிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நேற்று பிற்பகல் மூன்று மணி. போன் மெஷின் மேல் இருந்தது. உன் நம்பரிலிருந்து ஒரு ரிங். "உன் மாமா வீடு" என்று அம்மா ஆரம்பித்தாள். நிற்கவில்லை. இன்னொரு ரிங். அப்புறம்தான் நின்றது. அடுத்த நம்பருக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை.

அம்மா ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கடையில் பெட்டிச் சக்கரம் அம்மாவும், புத்தகப் பைக்கு வார் தைக்க வந்த ஒரு வாத்தியாரும். ரெண்டு ரிங்குக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. வாத்தியார்தான் முதலில் கை தட்டினார். மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து, "உண்மையா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்விக்குறியோடு.

"திருப்பி அடிடீ" என்றாள் அம்மா.

"எத்தனை ரிங்கும்மா?"

"எத்தனையும் இல்லை. அடிச்சுக்கிட்டே இரு. இன்னைக்கு எடுக்கட்டும்."

அடித்தோம். கடை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாமா, நீ எடுக்கவே இல்லை. பதினேழு ரிங் போய் அதுவாக நின்றது. மறுபடி பதினேழு. உன்னை எனக்குத் தெரியாதா? நம் வீட்டிலிருந்து வரும் ரிங்கை எடுக்கக் கூடாது, எண்ணத்தான் வேண்டும் என்று பழகியவன் நீ. இந்நேரம் நீயும் அத்தையும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பதினேழுக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதுதான் அர்த்தம்: போனை எடுங்க.

ஸ்பீக்கரில் ஊரே காத்திருக்கிறது.

உங்கள் இருவரின்,
வாலு